கறையக்கா கூண்டேறிய கதை

லாண்டரியில் எல்லோரும் அவளைக் கறையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது. அது அடையாள அட்டையில் பத்திரமாகத் தூங்குகிறது. மற்றவர்கள் துவைப்பார்கள், கஞ்சி போடுவார்கள், இஸ்திரி போடுவார்கள். கறை பட்ட துணி மட்டும் பின்கட்டில் சன்னலோரம் அவள் மேஜைக்கு வரும். மை, துரு, கிரீஸ், இருமல் மருந்து, லிப்ஸ்டிக் எதுவானாலும் பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். சந்தேகம் வந்தால் மோந்து பார்ப்பாள். லிப்ஸ்டிக் கறையைப் பற்றி மட்டும் வெளியே மூச்சு விட மாட்டாள். இந்தத் தெருவில் பல குடும்பங்கள் இன்னும் ஒன்றாக இருப்பதற்கு அக்காதான் காரணம் என்று முதலாளி சொல்வதுண்டு.

கறைக்குப் பயப்படாதவள் மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுவாள். பேங்கில் கையெழுத்துப் போடச் சொன்னால் வேறு யாருடைய கையெழுத்தையோ போட்டுவிடுவாள். காக்கிச் சட்டை போட்டவர் தபால்காரராக இருந்தாலும் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். லிஃப்டில் ஏற மாட்டாள். பதினாறு வருஷமாகச் செய்து வந்த ஒரு நல்ல பழக்கம்கூடப் பயத்தில் பிறந்ததுதான். துணி வந்ததும் ஒரு துண்டுச் சீட்டில் பில் நம்பர், தேதி, என்ன கறை, எந்த இடம் என்று பென்சிலால் எழுதி அதில் குத்திவிடுவாள். துணி வெளுத்துப் போன பிறகும் சீட்டை எறியாமல் சுவரில் வளைந்த ஒரு கம்பியில் குத்தி ஆறு மாதம் வைத்திருப்பாள். "என் சட்டையைக் கெடுத்ததே நீதான்" என்று யாராவது சண்டைக்கு வந்தால் எடுத்துக் காட்டலாம் அல்லவா?

அப்படி ஒரு சீட்டுதான் அவளைக் கோர்ட்டு வரைக்கும் இழுத்துக்கொண்டு போனது.

சோபாக் கடைக்காரர் நல்ல வாடிக்கையாளர். கலையாத தலை, மெல்லிய பேச்சு, வாரத்துக்கு ஆறு சட்டை. ஒரு நாள் கடை திறந்ததும் திறக்காததுமாக அவரே வந்து ஒரு வெள்ளைச் சட்டையை நீட்டினார். "ஏதோ பட்டிருக்கும்மா. பாத்து எடுத்துடுங்க" என்றார். அவள் பார்த்தாள். வலது கையிலும் மார்பிலும் ஓரம் பழுப்பேறிப் போன சிவப்பு. சமையலறையில் விரலை வெட்டிக்கொள்கிறவர்களும், மூக்கில் ரத்தம் ஒழுகுகிற பிள்ளைகளும், முகம் மழிக்கும்போது கீறிக்கொள்கிறவர்களும் நிறைந்த ஊரில் ரத்தக் கறை ஒன்றும் அதிசயமில்லை. சீட்டில் 'ரத்தம்' என்று எழுதினாள். மத்தியானத்துக்குள் சட்டை பால் மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் இரண்டு போலீஸ்காரர்களோடு வந்தார். சோபாக் கடையில் சாமான் ஏற்றிப் போகிற டிரைவர் கடைக் கிடங்கில் தலையில் அடிபட்டு, அன்று காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டானாம். சோபாக் கடைக்காரருக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு நடந்ததை அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கிறார்கள். அவர் பர்ஸில் லாண்டரி பில் இருந்திருக்கிறது. இஸ்திரி போட்டு ஹேங்கரில் தொங்கிய சட்டையை எடுத்து உறையில் போட்டார்கள். என்ன எடுத்தோம், எங்கே எடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதி லாண்டரி முதலாளியிடம் கையெழுத்து வாங்கினார்கள். அதற்குப் பெயர் மகஜர் என்று பிறகு தெரிந்தது.

"என்ன கறைம்மா இருந்துச்சு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

ஆள் செத்துப்போயிருக்கிறான். ரத்தத்தைத் துவைத்தவள் நான், இந்தக் கையால்தான் துவைத்தேன் என்று மட்டும் அவள் மண்டைக்குள் ஓடியது. "காபிக் கறை மாதிரி இருந்துச்சுங்க" என்றாள்.

அவர் எழுதிக்கொண்டார். கையெழுத்துக்கூடக் கேட்கவில்லை. போகும்போது முதலாளியிடம் சலித்துக்கொண்டார். "இருந்த தடயத்தையும் துவைச்சுத் தள்ளிட்டீங்களே. தடயத்தை அழிக்கிறதும் ஒரு குற்றம்தான், தெரியுமில்ல?" அவர் பாட்டுக்கு ஏதோ சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். அந்தப் பேச்சு இவளை விட்டுப் போகவில்லை.

அடுத்த நாள் காலையில் கம்பியைப் பார்த்தாள். மேலிருந்து நான்காவது சீட்டு. 'ரத்தம். வ. கை, மார்பு.' அவளுடைய கோணல் எழுத்துதான்.

லாண்டரி முதலாளி அவளைவிடச் சின்னவர். "அக்கா, கிழிச்சுப் போட்டுடுங்க. யாருக்கும் தெரியாது. நமக்கு எதுக்கு வம்பு?" என்றார். அவள் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறவர். எதையும் கழற்றி எறிவதில் கெட்டிக்காரர். "அடுப்புல போடு. ஒரு நிமிஷ வேலை" என்றார்.

அவள் கிழிக்கவில்லை. உடனே அவளை உத்தமி என்று நினைத்துவிட வேண்டாம். கிழிப்பதற்குப் பயம், அவ்வளவுதான். துவைத்தது தெரியாமல் செய்தது, இதைக் கிழித்தால் தெரிந்தே செய்ததாகிவிடும் அல்லவா? சரி, கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றால் அதற்கும் பயம். ரத்தம் என்று தெரிந்தே துவைத்தாய், எங்களிடம் காபி என்று பொய்யும் சொன்னாய் என்று உள்ளே பிடித்துப் போட்டுவிட்டால்? சீட்டை மடித்து, சுருக்குப் பர்ஸுக்குள் வைத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து அந்த இடம் மட்டும் சுடுகிற மாதிரியே இருந்தது.

லாண்டரிக்குப் பக்கத்தில் மனு டைப் அடித்துக் கொடுக்கிறவர் ஒருவர் கடை வைத்திருந்தார். மற்றவர் பயத்தில் குளிர் காய்கிற ஆள். "சாட்சியாப் போயி எதிரியாத் திரும்பி வந்தவங்களை எத்தனை பேர் பாத்திருக்கேன்!" என்று அவர் ஆரம்பித்தால் அவள் அன்றைக்கு மதியச் சாப்பாட்டை மறந்துவிடுவாள். ஆனாலும் போய்க் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. இடப்பக்கம் கறை, வலப்பக்கம் அதற்கான மருந்து. அதன் கடைசிப் பக்கங்களில் இப்போது வேறு வார்த்தைகள் ஏறின.

'எஃப்.ஐ.ஆர். – போலீஸில் முதலில் எழுதும் புகார். குற்றப்பத்திரிகை – விசாரித்து முடித்து கோர்ட்டில் கொடுப்பது. ஜாமீன் – ஆளை வெளியே விடுவார்கள், வழக்கு முடியவில்லை. சம்மன் – வந்தால் போகணும். வாரண்ட் – போகாவிட்டால் வந்து பிடித்துக்கொண்டு போவார்கள். எதிரி – குற்றம் சாட்டப்பட்டவர், யாருக்கு எதிரி என்று கேட்கக் கூடாது. பிறழ்சாட்சி – போலீஸிடம் ஒன்று சொல்லிவிட்டுக் கோர்ட்டில் வேறு சொல்பவர்.'

கடைசி வரியை எழுதிவிட்டு மறுபடி ஒரு முறை படித்தாள். உண்மையைச் சொன்னால் தான் அந்த வகையில் சேர்ந்துவிடுவோமே! 'தடயம் அழித்தல்' என்று இடப்பக்கம் எழுதினாள். வலப்பக்கம் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலியாக விட்டாள்.

நான்கு மாதம் கழித்து சோபாக் கடைக்காரர் ஜாமீனில் வந்தார். வந்த மூன்றாம் நாள் லாண்டரிக்கும் வந்தார். முன்புறம் யாரும் இல்லாத நேரம் பார்த்து, நேரே பின்கட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு வெள்ளைச் சட்டை, புதியது.

"இதுல ஒரு கறையும் இல்லம்மா. சும்மா அலசிக் குடுங்க போதும்" என்றார்.

"சரிங்க."

"உங்க கை சுத்தம் யாருக்கும் வராது. லேப்லயே ஒண்ணும் கண்டுபிடிக்க முடியலயாம். கேள்விப்பட்டேன்." சிரித்தார். "வீட்டுக்காரர் பஸ் டிப்போலதான இன்னும்? காலை ஷிப்ட்டா?"

"ஆமாங்க."

"பாத்துப் போகச் சொல்லுங்க. அந்த ரோடு மோசம்."

இதில் மிரட்டல் என்று எடுத்துப் போலீஸில் சொல்ல ஒரு சொல்கூட இல்லை. அவர் போன பிறகு அவள் அதைக் குச்சியால் மேஜை ஓரத்துக்குத் தள்ளினாள். அந்தச் சட்டையைத் தொடவே முடியவில்லை. முதலாளியே துவைத்தார்.

சம்மன் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. கொண்டுவந்த போலீஸ்காரரைக் கண்டதும் அவள் இஸ்திரி அறைக்குள் போய்த் துணி மூட்டைக்குப் பின்னால் குந்திக்கொண்டாள். "அக்கா இன்னிக்கு லீவு" என்றார் முதலாளி, முகம் முழுக்கப் பொய்யோடு. "வாங்கிக்கலன்னா கதவுல ஒட்டிட்டுப் போவேன். வரலன்னா அடுத்தது வாரண்ட்தான்" என்றார் வந்தவர், அலுத்துப்போன குரலில். மூட்டை அசைந்தது. கறையக்கா தலையில் நூலும் பஞ்சுமாக வெளியே வந்து கையெழுத்துப் போட்டாள்.

முதல் தடவை ஒரு பை நிறையத் தயார் செய்துகொண்டு போனாள். மாற்றுப் புடவை, பல் தேய்க்கும் பிரஷ், முழங்கால் வலிக்குத் தைலம். திரும்பி வராவிட்டால் வேண்டுமே! வீட்டுக்காரர் லீவு போட்டுக் கூட வந்தார். அவரும் பயந்திருந்தார். அதை மறைக்க வழியெல்லாம் டயரைப் பற்றியே பேசினார். அன்று வழக்கு நடக்கவில்லை. எதிரி வக்கீல் வரவில்லையாம், வாய்தா. அடுத்த தடவை நீதிபதி லீவு, அதற்கும் ஒரு வாய்தா. நோட்டில் எழுதினாள்: 'வாய்தா – இன்றைக்கு இல்லை, ஆனால் பயம் அப்படியே இருக்கும்.'

இரண்டு தடவையும் வராந்தா பெஞ்சில் அவள் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். நகர்ந்து இடம் கொடுத்தாள், தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "நீங்க எந்தக் கேஸும்மா?" என்று இவள் கேட்டதற்கு, "செத்துப்போன டிரைவர் என் வீட்டுக்காரர்" என்றாள். கறையக்கா பாட்டிலை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாவது தடவை அரசு வக்கீல் வராந்தாவில் இரண்டு நிமிஷம் நின்று பேசினார். "நீங்க ஏழாவது சாட்சி. சட்டை வந்த தேதி, பில் நம்பர். இது ரெண்டும் போதும். காபிக் கறைன்னு சொல்லி வெச்சிருக்கீங்க, அது நமக்கு உதவாது, நான் கேக்கப் போறதில்ல."

"ஐயா, அது வந்து..." என்று அவள் இடுப்பில் கை வைப்பதற்குள் அவர் அடுத்த கட்டோடு உள்ளே போய்விட்டார்.

கோர்ட்டு வாசலில் நின்று டவாலி அவளுடைய அடையாள அட்டைப் பெயரைக் கூப்பிட்டார். யாரையோ கூப்பிடுகிறார் என்று அவள் உட்கார்ந்தே இருந்தாள். மூன்றாவது குரலில் வீட்டுக்காரர் முழங்கையால் இடித்தார்.

கூண்டு என்றால் கம்பி வைத்திருக்கும் என்று நினைத்திருந்தாள். இடுப்பளவு மரச் சட்டம்தான் இருந்தது. அதே மாதிரி இன்னொன்றில், எதிரே, சோபாக் கடைக்காரர் நின்றார். இரண்டுக்கும் நடுவே பத்தடி இருந்தால் அதிகம். அவரைத் தாண்டி ஓரத்தில் ஒரு சின்னக் கதவு. ரிமாண்டில் இருப்பவர்களை அந்த வழியாகத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று மனு டைப் அடிக்கிறவர் சொல்லியிருந்தார். மேடையில் நீதிபதியம்மா மூக்குக்கண்ணாடியோடு எதையோ படித்துக்கொண்டிருந்தார். உண்மையைத் தவிர வேறு எதையும் சொல்ல மாட்டேன் என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

முதல் விசாரணை சீக்கிரம் முடிந்தது. தேதி, பில் நம்பர், இதுதான் அந்தச் சட்டையா, ஆமாங்க. அரசு வக்கீல் உட்கார்ந்தார். குறுக்கு விசாரணைக்கு எதிரி வக்கீல் எழுந்தார். கத்துவார், மிரட்டுவார் என்று பயந்திருந்தாள். அவரோ சொந்தத் தம்பி மாதிரி பேசினார்.

"எத்தனை வருஷமா இந்த வேலைம்மா?"

"இப்ப பதினெட்டு ஆச்சுங்க."

"உங்களுக்குத் தெரியாத கறையே இருக்காது."

இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"போலீஸ் கேட்டப்ப காபிக் கறைன்னு சொன்னீங்க."

"சொன்னேங்க." அது பொய்யில்லையே, சொன்னது நிஜம்தானே என்று மனசுக்குள் ஒரு சமாதானம்.

"லேப்ல இந்தச் சட்டையில ரத்தம் இல்லன்னு சொல்லிட்டாங்க. ரத்தம் பட்டிருந்து வெந்நீர்ல போட்டா இறுகிப் பிடிச்சுக்கும், போகவே போகாது. சரிதானே? காபிக் கறைங்கறதால நீங்களும் நல்லாக் கொதிக்கிற வெந்நீர்லதான் இதைப் போட்டீங்க. அப்பவும் ஒண்ணும் ஒட்டல. ஏன்னா, இதுல ரத்தமே இல்ல. வெந்நீர்லதானே போட்டீங்க?"

ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இறங்கி, வீட்டுக்காரரோடு பஸ் ஏறிவிடலாம். ஆனால் அந்தச் சட்டையை, அந்த மெல்லிய வெள்ளைத் துணியை, கொதிக்கிற தண்ணீரில் முக்குவதை அவள் மனக்கண்ணில் பார்த்துவிட்டாள். வாய் அவளைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"அய்யய்யோ, ரத்தத்தை யாராவது வெந்நீர்ல போடுவாங்களா? சட்டையே போயிடுமே! பச்சைத் தண்ணிலதாங்க ஊற வெச்சேன்."

சாட்சியத்தை டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்ணின் விரல்கள் நின்றன. நீதிபதியம்மா நிமிர்ந்தார். தான் என்ன சொன்னோம் என்பது கறையக்காவுக்குக் கடைசியாகத்தான் உறைத்தது.  மரச் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வக்கீலின் முகம் மாறி, உடனே பழையபடி ஆனது. "கூட்டத்தைப் பாத்துக் குழம்பிட்டீங்க. வாய் தவறி வந்துடுச்சு. அப்படித்தானே?"

அவள் இடுப்புப் பர்ஸைத் தொட்டுப் பார்த்தாள்.

"இல்லன்னா என்ன அர்த்தம் தெரியுமா? ரத்தம்னு தெரிஞ்சே துவைச்சிருக்கீங்க, போலீஸ்ல பொய் சொல்லியிருக்கீங்க. தடயத்தை அழிச்சவங்களை எந்தக் கூண்டுல நிறுத்துவாங்கன்னு தெரியுமா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வாய் தவறிடுச்சா?"

எதிர்க்கூண்டில் சோபாக் கடைக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று பின்கட்டில் சிரித்த அதே சிரிப்பு. டிப்போ ரோடு ஞாபகம் வந்தது. கடைசி பெஞ்சில் டிரைவரின் சம்சாரம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கறையக்காவுக்கு எல்லாப் பக்கமும் பயமாக இருந்தது. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு கறைக்கு வேறு பெயர் சொன்னது அந்த ஒரு தரம்தான். அந்த அசிங்கம் இன்னும் நாக்கில் இருந்தது. மறுபடி ஒரு தரம் சொல்ல அவளால் முடியவில்லை.

"வாய் தவறலீங்க. போலீஸ்லதான் பொய் சொன்னேன். அது ரத்தம். வலது கையிலயும் மார்லயும் இருந்துச்சு. எழுதி வெச்சிருக்கேன்."

இடுப்பிலிருந்து பர்ஸை எடுத்தாள். முடிச்சு அவிழ மறுத்தது. ஒரு அறை மனிதர்களும் அவள் விரல்களையே பார்க்க, பல்லால் கடித்து அவிழ்த்தாள். மடிப்பில் கிழிந்துபோக இருந்த சீட்டு மேஜைக்குப் போனது. எதிரி வக்கீல் எழுந்து ஆட்சேபம் என்றார். அரசு வக்கீலும் எழுந்தார். இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நீதிபதியம்மா இருவரையும் கையமர்த்திவிட்டு அவளிடம் கேட்டார்.

"இதை ஏன் கிழிச்சுப் போடல?"

"கிழிச்சா குற்றம்னு பயந்தேங்கம்மா."

"அப்ப ஏன் போலீஸ்ல குடுக்கல?"

"குடுத்தாலும் குற்றம்னு பயந்தேங்கம்மா."

யாரோ சிரித்தார்கள். நீதிபதியம்மா சிரிக்கவில்லை. "துவைக்கும்போது அந்த டிரைவர் அடிபட்ட விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. மறுநாள் போலீஸ் வந்துதான் தெரியும். கறைன்னு குடுத்தாங்க, எடுத்தேன். அதுதாங்க என் வேலை."

நீதிபதியம்மா மெதுவாகச் சொல்லச் சொல்ல அந்தப் பெண் டைப் அடித்தாள். 'சம்பவம் பற்றி எனக்கு அப்போது தெரியாது.' சீட்டுக்கு ஒரு நம்பர் போட்டார்கள். போலீஸிடம் பொய் சொன்னதும் எழுத்தில் ஏறியது. அந்த வரியைக் கேட்டதும், தான் கேட்க வேண்டியதெல்லாம் கேட்டாகிவிட்டது என்று கறையக்கா முடிவு செய்துகொண்டாள். அதற்கு மேல் யார் என்ன சொன்னார்கள் என்று அவள் காதில் விழவில்லை. வீட்டுக்காரரைத் தேடினாள். வாசல் பக்கம் அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்து வைத்திருந்தார்.

"நீங்க இறங்கலாம்" என்றார் நீதிபதியம்மா.

இறங்கினாள். கூண்டின் கீழே ஒரு போலீஸ்காரர் காத்திருந்தார். ஓரத்துச் சின்னக் கதவும் அந்தப் பக்கம்தான். பதினெட்டு வருஷ மருந்தில் தோல் உரிந்து வெளுத்துப்போயிருந்த இரண்டு கைகளையும் சேர்த்து, மணிக்கட்டு மேலே தெரிய, அவள் அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் ஒன்றும் புரியாமல் பார்த்தார். பிறகு அக்குளில் இடுக்கியிருந்த ரிஜிஸ்டரைப் பிரித்து, பேனாவை அவள் வலது கையில் வைத்தார்.

"ரெண்டு கை எதுக்கும்மா? இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. சாட்சிக்கு பஸ் சார்ஜ் தருவாங்க, வாங்கிட்டு வீட்டுக்குப் போங்க."